நடு ஆணி

எங்கள் வீட்டுக் கூடத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே ஓர் ஆணி தெரியும். அப்பாவின் கட்சிக்கு அந்த நேரத்தில் யார் அகில இந்தியத் தலைவரோ அவர் அதில் தொங்குவார். டெல்லியில் ஆள் மாறினால் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் படம் மாறும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஆணி காலியாக இருந்ததில்லை.

அப்பா உரக்கடை வைத்திருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். கடையைப் பார்த்துக்கொண்டது அம்மா. அப்பா பார்த்துக்கொண்டது கட்சியை. அது தேசியக் கட்சி. தேசத்தில் எங்கெங்கோ ஆண்டிருக்கிறது, எங்கள் ஊரில் மட்டும் ஒரு வார்டைத் தாண்டியதில்லை. கூட்டணி பேசும்போதெல்லாம் எங்கள் தொகுதி பெரிய கட்சிக்குப் போய்விடும். அப்பா அந்த வேட்பாளருக்காகத் தெருத்தெருவாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டுவிட்டு, தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார். அவர் கட்சியின் நகரத் தலைவர். அந்தப் பதவியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சால்வை, ஒரு நாற்காலி, பார்க்கிறவர்கள் எல்லாம் "தலைவரே" என்று கூப்பிடுவது, அவ்வளவுதான். அது போதும் என்று சந்தோஷமாக இருந்தார்.

எங்கள் வீட்டில் வருஷக் கணக்கு கிடையாது, தலைவர் கணக்குதான். நான் பிறந்தது கோட்டுக்காரர் காலத்தில். தளம் போட்டு வீட்டைக் கட்டியது பருத்திப் புடவை அம்மாள் காலத்தில். எனக்கு டீச்சர் வேலை கிடைத்து விழுப்புரம் போனது தாடிக்காரர் வந்த புதிதில். இந்தப் பெயர்களெல்லாம் அம்மா வைத்தவை. வடக்கத்திப் பெயர்கள் அவள் வாயில் நுழையாது. ஆளைப் பார்த்துப் பெயர் வைத்துவிடுவாள்.

"அகில இந்தியத் தலைவருடி. பேரச் சொல்லிப் பழகு" என்று அப்பா எரிந்து விழுவார்.

"பேர நீங்க சொல்லிக்கினு இருங்க. தூசி தொடைக்கிறவளுக்கு மூஞ்சி தெரிஞ்சா போதும்" என்பாள் அம்மா.

படங்களுக்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். பதவியில் இருப்பவருக்கு நடு ஆணி. பதவி போனவர் உயிரோடு இருந்தால் பழைய பேப்பரில் சுற்றிப் பரணுக்குப் போய்விடுவார். அவர் இறந்துபோன செய்தி வந்ததும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, இடது பக்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். நெற்றிக்குச் சந்தனம், குங்குமம். படத்துக்குப் பூமாலை. ஆக, நடுவில் இருப்பவர் தலைவர், இடப்பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் சாமிகள். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களுக்குப் பரண்.

"உசுரோட இருக்கற மனுஷன மேல தூக்கிப் போட்டுட்டு செத்தப்புறம் எறக்கி மால போடுறியே, இது இன்னாப்பா நியாயம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கட்சியில நடக்கறததான்டி அவரு வீட்லயும் பண்றாரு."

வெள்ளிக்கிழமைதோறும் முக்காலி போட்டு ஏறி எல்லாப் படத்தையும் துடைப்பது அம்மாவின் வேலை. இடது சுவரில் இருப்பவர்களுக்கு மட்டும் புதுப் பொட்டு. அவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் புடவை அம்மாளுக்குப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைப்பாள்.

அவள் நேரில் பார்த்த ஒரே தலைவர் சால்வைக்காரர். தாடிக்காரருக்கு அடுத்து வந்தவர். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் காரில் போகிற வழியில் திண்டிவனத்தில் கொஞ்ச நேரம் இறங்கினார். இறங்கியது எங்கள் வீட்டில். அந்த ஒரு காலை வேளைக்காக அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். சென்னைக்காரர்கள் ஏதேதோ பலகாரம் வாங்கி வந்திருந்தார்கள். அந்த மனிதர் அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் இட்லியை மல்லாட்டைச் சட்னியில், அதாவது வேர்க்கடலைச் சட்னியில், தோய்த்துச் சாப்பிட்டார். சட்னியை இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டிக் கேட்டார். கிளம்பும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்து, அம்மாவைப் பார்த்துக் கை கூப்பி இந்தியில் என்னமோ சொன்னார். மொழிபெயர்க்கிறவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அப்பா இருக்கிறார். ஒன்றில் மட்டும் ஓரத்தில், அடுப்படி நிலைக்குப் பக்கத்தில், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை தெரியும். அது அம்மா.

"இன்னாங்க சொன்னாரு அவரு?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சட்னி நல்லாக்குதுன்னு சொன்னாரு" என்றார் அப்பா. அவருக்கும் இந்தி தெரியாது.

அந்தச் சால்வைக்காரரை ஒரு நாள் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று அப்பாவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை, எடுத்ததையே டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். புதிதாக வந்தவர் இளவயதுக்காரர், சிரித்த முகம். அவர் படம் சென்னையிலிருந்து வந்தது. அம்மா அப்போது முகையூரில் அவள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். அப்பா தனியாகச் சால்வைக்காரரை இறக்கினார், சிரித்த முகத்துக்காரரை ஏற்றினார். சால்வைக்காரரைப் பேப்பரில் சுற்றியிருக்கிறார். பாதி சுற்றியவருக்கு அதற்கு மேல் மனசு வரவில்லை. தன் வீட்டில் சாப்பிட்ட மனிதரைப் பரணில் எப்படிப் போடுவது? தானே போட்ட சட்டத்தை முதல்முறையாக மீறி, பேப்பரைப் பிரித்து அவரை இடது பக்கத்துச் சுவரில் கடைசி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு விழுப்புரத்தில் கூட்டம் என்று கிளம்பிப் போய்விட்டார்.

சாயந்திரம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். நடு ஆணியில் புது முகம். இடது சுவரில் சால்வைக்காரர். அவளுக்குத் தெரிந்த வீட்டுச் சட்டப்படி இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. முக்காலியில் உட்கார்ந்து அழுதாளாம். "நம்ம வீட்ல துன்ன மனுஷன். சட்னி கேட்டு வாங்கித் துன்னாரு. ஒரு வார்த்த சொல்லி அனுப்பல பாரு உங்கப்பன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சாமந்தி வாங்கி வந்து தன் கையால் கட்டி மாலை போட்டாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், விளக்கு ஏற்றினாள்.

மறுநாள் கட்சி ஆரம்பித்த நாள். வருஷாவருஷம் தெருமுனையில் கொடியேற்றிவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து கேசரியும் டீயும் சாப்பிட்டுப் போவார்கள். நானும் அதற்காக வந்திருந்தேன். அப்பா இரவு வெகுநேரம் கழித்து வந்து, விடிவதற்குள் கொடிக்கம்பத்துக்குப் போய்விட்டதால் அவர் சுவரைப் பார்க்கவில்லை. பார்த்தது, நகரத் தலைவர் பதவிக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு கட்சிக்காரர். போனை எடுத்து மாலையும் பொட்டுமாக இருந்த சால்வைக்காரரைப் படம் பிடித்தார். கேசரித் தட்டு அவர் கைக்கு வருவதற்குள் படம் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது.

முகையூர் பக்கத்தில் ஒரு கட்சிக்காரர், அப்போதுதான் ஏற்றிய கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிவிட்டார். விழுப்புரத்தில் இன்னொருவர் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் எங்கள் கூடத்து டிவியில், வடக்கே ஏதோ ஓர் ஊர் மேடையில், சால்வைக்காரர் கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். இதை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கும் சிரித்திருப்பேன், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

சென்னையிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு அப்பா நேரே சுவருக்குப் போனார். மாலையை அறுத்தார். தோள் துண்டால் சால்வைக்காரரின் நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் அம்மா பக்கம் திரும்பினார்.

"உசுரோட இருக்கறவருக்குப் பொட்டு வெச்சிட்டியேடி! நீ மனுஷிதானா? இத்தினி வருஷம் இந்த வீட்ல இன்னா புடுங்கிக்கினு இருந்த?"

அம்மா கையில் கேசரிப் பாத்திரம் இருந்தது. "அந்தச் செவுத்துல மாட்டியிருந்திங்களேங்க" என்றாள்.

"வாய மூடு" என்றார் அப்பா.

"மாட்னது யாருப்பா?" என்று நான் கத்தினேன். அவர் காதில் அது விழுந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

பதவி போயிற்று. படம் பிடித்தவருக்கே அது கிடைத்தது. "தலைவரே" என்றவர்கள் "முன்னாள் தலைவரே" என்றார்கள், பிறகு "அண்ணே" என்றார்கள், பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவையும் பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் மேல் இருந்த கோபத்தில் அப்போது அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அன்றிலிருந்து அவர் அம்மாவோடு நேராகப் பேசவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நடுவில் ஆள் இல்லை. அப்பா சுவரைப் பார்த்து, "கடைக்குப் போறேன்னு சொல்லு" என்பார். அம்மா அடுப்பைப் பார்த்து, "சாப்ட்டுட்டு போவச் சொல்லு" என்பாள். யாரிடம் யார் சொல்வது? நான் போனில் அம்மாவைக் கேட்டால், "அவருக்கு மனசு ஆறலடி. பதவின்னா சும்மாவா" என்பாள். படங்களைத் துடைக்கும் வேலையையும் அப்பா அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தால் கை சும்மா இருக்க முடியாமல், அடுப்படியில் துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருப்பாளாம்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கெட்ட கட்டி. வைத்தியத்துக்காக விழுப்புரத்தில் என் வீட்டில் வந்து இருந்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். மாதுளம்பழம் வாங்கி வருவார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "சாப்ட்டாளா?" என்பார். அம்மா கட்டிலில் கண் திறந்துதான் இருப்பாள். "அம்மாவையே கேளேன்ப்பா" என்பேன். பழத்தை உரித்து முத்து முத்தாகத் தட்டில் போடுவார். தட்டை என்னிடம் தருவார், நான் அம்மாவிடம் தர வேண்டும். சில நேரம் எனக்கு அந்தத் தட்டை அவர் தலையிலேயே கொட்டிவிடலாமா என்று வரும்.

ஒரு நாள் அவர் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போய்ட்டா எம் படத்த அந்தக் கூடத்துச் செவுத்துல மாட்ட வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"ஏம்மா இப்டிலாம் பேசற?"

"டெல்லில ஆளு மாறிக்கினே இருக்கும். எடம் பத்தலன்னா என்னதான் மொதல்ல நவுத்துவாரு. யாரும் நவுத்தாத எடமா பாத்து வையிங்க."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். அப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நான் போன் பண்ணினேன். சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. பஸ் ஹாரனும் கண்டக்டர் குரலும் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தன.

காரியத்தன்று திண்டிவனம் வீட்டுக்கு அம்மாவின் படம் வந்தது. நானே சொல்லிச் சட்டம் போட்டது. அம்மா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். முக்காலியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அடுப்புக்கு எதிர்ச் சுவரில் புது ஆணி அடித்து மாட்டினார். அத்தை, அப்பாவின் தங்கை, சந்தனக் கிண்ணத்தோடு வந்து பொட்டு வைக்கக் கையை நீட்டினாள்.

"வெக்காத" என்றார் அப்பா.

"இன்னாண்ணா இது? செத்தவங்களுக்கு வெக்காம?"

"வெக்காதன்னா வெக்காத." கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பொட்டு வைத்த வீடு, பொட்டு வைத்த கைக்கு ஒரு பொட்டு இல்லை. செத்த பிறகும் மன்னிக்காத மனுஷன். அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டேன். அதன் பிறகு திண்டிவனம் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் அடுப்படியில் அம்மா வெறும் நெற்றியோடு என்னைப் பார்ப்பாள், எனக்கு அங்கே உட்காரப் பிடிக்காது. கூடத்தில் நடு ஆணியில் இன்னொரு முறை ஆள் மாறியிருந்தது. யார் அது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் பெயர் சொல்லவில்லை.

போன வருஷம் சால்வைக்காரர் நிஜமாகவே இறந்துபோனார். டிவியில் பார்த்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அப்பா போன் பண்ணி, "வந்துட்டுப் போம்மா" என்றார். அவர் குரல் சரியாக இல்லாததால் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் கட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். மௌன ஊர்வலத்துக்குப் பெரிய படம் வேண்டும், அது ஊரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறதாம். படம் பிடித்து அனுப்பிய மனிதரும் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு நின்றிருந்தார். "அண்ணே, ஜல்தி, ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அப்பா கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சால்வைக்காரர். பக்கத்தில் அம்மாவின் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ்.

"நீ வெச்சி குடுத்துடும்மா" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அம்மாவுக்கு ஒரு பொட்டு வெக்க வுடல நீ. இவருக்கு மட்டும் நான் வெக்கணுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. படத்தின் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"இவர இந்தச் செவுத்துல மாட்னது நானு. பரண்ல போட மனசு வரல, அதான். அவ எங்க பொட்டு வெக்கிற மொறையோ அங்க வெச்சா. அது எனக்கு அன்னிக்கே தெரியும். போன்ல அவங்க கத்தும்போதே தெரியும். ஆனா அத்தினி பேரு நிக்கிறாங்க. யாராவது ஒருத்தரு தப்பு பண்ணியிருக்கணும்ல. அவ மேல போட்டுட்டேன்."

குங்குமச் சிமிழைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னே போச்சி. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் சொல்லிடலாம்னுதான் பஸ் ஏறுவேன். அவ மூஞ்சப் பாத்தா வாய் வராது. நீ போன் பண்ணியே அன்னிக்கி, அன்னிக்கிக்கூட சொல்லிடணும்னுதான் வந்துகினு இருந்தேன்."

வாசலில் மறுபடியும் "அண்ணே" என்று குரல் கேட்டது.

"பொட்டு வெச்சிட்டா அவ செத்தவன்னு ஆயிடும்மா. அப்புறம் யார்கிட்ட போயி சொல்றது?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்ணத்தை எடுத்துச் சால்வைக்காரருக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். இதே நெற்றியில்தான் அம்மா வைத்தாள். அவள் வைத்ததுபோல் வட்டமாக வரவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அப்பா கூடத்தில் இல்லை. அடுப்படியில் நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே. நான் உள்ளே போகவில்லை.

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதுளம்பழத் தட்டு இன்னும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இப்போது வாரம் தவறாமல் போகிறேன். அடுப்படிச் சுவரில் அம்மாவின் நெற்றி அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"இன்னும் சொல்லலியாப்பா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க சொல்றதும்மா. தெனம் காலையில போயி நிக்கிறேன். சாப்ட்டியான்னு கேக்கறேன். அதோட நின்னுடுது."